34 குறைத்தால் மிச்சம் எவ்வளவு?

தம்பி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டது போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். மாமா லைசென்ஸ் துப்பாக்கியோடு செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி சுடப் போகிறார், நீங்களும் கூடப் போகிறீர்கள். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர், துப்பாக்கி முனையில் மாட்டும் தன் சைலன்சர் சத்தத்தை 34 டெசிபல் குறைக்கும் என்கிறார். மாமா காதை மூடிக்கொள்ளும் இயர்மஃபின் பெட்டியில் 25 என்று போட்டிருக்கிறது. உங்கள் போனில் சத்தம் அளக்கும் ஆப், மாமா சுட்டபோது 104 என்று காட்டியிருக்கிறது. ‘அப்படியென்றால் இயர்மஃபை விட சைலன்சர்தானே உசத்தி? இந்த எண்களை எப்படி அளக்கிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியில் அச்சடித்த டெசிபலை நம்பிக் காதைக் கொடுக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். இருபது வருடங்களுக்கு மேல் பேராக்கில் செம்பனை ஆலைகளில் சத்தம் அளந்ததுதான் என் பிழைப்பு. தொழிலாளியின் தோளில், நாள் முழுக்கச் சத்தத்தைப் பதியும் டோசிமீட்டரை மாட்டிவிட்டு ஷிப்ட் முடியும்வரை காத்திருப்பது, பாய்லர் அறையைக் கட்டம் கட்டமாக அளப்பது, அந்த மாதிரி வேலை. துப்பாக்கிச் சத்தத்தை ஒரே ஒரு முறை, ஒரு சுடுதளத்தில் பயிற்சியாளர்களின் காதுக்காக இரண்டு நாள் அளந்திருக்கிறேன். சைலன்சர் மாட்டிய துப்பாக்கியை இன்றுவரை கையால் தொட்டதில்லை. அதனால் எந்த பிராண்ட் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் துப்பாக்கி லைசென்ஸ் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது, துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. யூடியூப்பைப் பார்த்துவிட்டு மாமாவின் துப்பாக்கி முனையில் எதையாவது திருகிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் காதுக்காகவே அதை மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஊர்க் கதை வேறு, நம் கதை வேறு.

சைலன்சர் என்ன செய்கிறது என்பது உங்களுக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். ஆலையில் குலைகளை ஸ்டெரிலைசரில் சுமார் 3 பார் நீராவியில் வேகவைத்துவிட்டு ஆவியைத் திறந்துவிடும்போது ஊரே அதிரும் பாருங்கள், அந்தப் புகைபோக்கியின் வாயில் ஒரு பெரிய பீப்பாய் பொருத்தியிருப்பார்கள். ஆவி நேராக வெளியே பாயாமல் அறை அறையாக விரிந்து, சூடு தணிந்து, வேகம் குறைந்து வெளியேறும். மோட்டார் சைக்கிள் எக்சோஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. துப்பாக்கிச் சைலன்சரை 1909இல் காப்புரிமை எடுத்து விற்றவர் ஹைரம் பெர்சி மேக்சிம், மேக்சிம் மெஷின் துப்பாக்கியைச் செய்தவரின் மகன். அவர் அதே யோசனையைக் கார் எக்சோஸுக்கும் கொண்டுபோனார். ஆலைக்கும் துப்பாக்கிக்கும் வித்தியாசம் அளவில்தான். ரைபிள் குழாயின் வாயில் குண்டு வெளியேறும் நொடியில் பின்னால் நிற்கும் வாயு நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் இருக்கும். ஆலை பீப்பாய்க்கு ஆவியை வெளியேற்றச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. சைலன்சருக்குக் கிடைப்பது சில மில்லிசெகண்ட்.

டெசிபல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம், அது இல்லாமல் மேலே போக முடியாது. டெசிபல் கிலோ, மீட்டர் மாதிரிக் கூட்டிக்கொண்டே போகும் அளவு இல்லை, அது விகிதம். 20 டெசிபல் ஏறினால் காற்றழுத்தம் பத்து மடங்கு, 6 ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ரைபிள் ஒன்றின் முனைக்குப் பக்கத்தில் 166 டெசிபல் வருகிறது என்று வையுங்கள். அது சுமார் 4,000 பாஸ்கல் அழுத்தம். அதில் 34 குறைந்தால் 132, அதாவது சுமார் 80 பாஸ்கல். ஐம்பதில் ஒன்றாகக் குறைந்துவிட்டது, லேசான வேலை இல்லை, தயாரித்தவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சாதாரணப் பேச்சு 60 டெசிபல், 0.02 பாஸ்கல். 80 பாஸ்கல் அதைவிட நாலாயிரம் மடங்கு. படத்தில் கேட்கும் ‘புஸ்’ எந்தச் சைலன்சரிலும் இல்லை. நல்ல சைலன்சர்கள் பெரும்பாலும் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கின்றன. குறைத்தது எவ்வளவு என்று விளம்பரம் பேசும். காதுக்கு வேண்டியது மிச்சம் எவ்வளவு என்கிற கணக்கு.

இப்போது உங்கள் போனின் 104க்கு வருகிறேன். தப்பாக நினைக்காதீர்கள், அந்த எண் துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, உங்கள் போன் மைக்கின் கூரை எங்கே என்றுதான் சொல்கிறது. பேச்சுக்காகச் செய்த மைக், அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் முட்டிக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்குப் பெரிய சத்தம் வந்தால் தானே அடக்கிக்கொள்ளும் மென்பொருள் வேறு. போனை விடுங்கள், ஆலையில் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் மீட்டர்கூட இதில் ஏமாறும். நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலைப் பட்டறையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். மீட்டரை ‘ஸ்லோ’வில் வைத்துப் பிடித்தேன், 96 என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மூத்தவர் ஒருவர் வந்து அதே இடத்தில் உச்ச அளவுக்கு மாற்றிப் பிடித்தார், 133. அன்றைக்கு என் அறிக்கையைக் கிழித்தவர் என்னைத் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அது திட்டை விட மோசம்.

ஏன் இப்படி? மீட்டரின் ‘பாஸ்ட்’ என்பது 125 மில்லிசெகண்டுக்குச் சத்தத்தைச் சராசரியாக்கும், ‘ஸ்லோ’ ஒரு செகண்டுக்கு. துப்பாக்கிச் சத்தத்தின் முதல் துடிப்பு ஒரு மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். ஒரு மில்லிசெகண்ட் துடிப்பை 125இல் கரைத்தால் 21 டெசிபல் காணாமல் போகும், ஒரு செகண்டில் கரைத்தால் 30. ஒரு சைலன்சரின் மொத்த வேலையே அவ்வளவுதான்! மீட்டரின் பொத்தானை மாற்றியே ஒரு சைலன்சரை ‘மாட்டி’விடலாம். அதனால்தான் துப்பாக்கிக்கு உச்ச அழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டும், அதுவும் மிக வேகமாக எகிறக்கூடியது. சைலன்சர் சோதனைக்காரர்கள் நெடுங்காலம் வேதமாக வைத்திருந்த அமெரிக்க ராணுவத் தரம் மில்-ஸ்டேண்டர்டு 1474டி, 1997ஆம் ஆண்டுப் பதிப்பு. கருவியின் எழுச்சி நேரம், அதாவது சத்தத்தோடு சேர்ந்து அது மேலே ஏற எடுக்கும் நேரம், 20 மைக்ரோசெகண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் கணக்கு. அரை அங்குல மைக் இதற்குச் சரிப்படாது, கால் அங்குல மைக் அல்லது அதைவிடச் சிறியது. புருவெல் அண்ட் கியேர் 2209, லார்சன் டேவிஸ் 800பி என்ற இரண்டு பழைய மீட்டர்களின் பெயர் சைலன்சர் அறிக்கைகளில் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான். இப்போது சிலர் செகண்டுக்குப் பத்து லட்சம் தடவை மாதிரி எடுக்கும் கருவியால் அளக்கிறார்கள். அதில் பழைய மீட்டர் தவறவிட்ட கூர்மையான உச்சமும் பிடிபடும், எண் கூடுதலாக வரும். ஆகவே பழைய கருவியில் வந்த 130ஐயும் புதிய கருவியில் வந்த 136ஐயும் பக்கத்தில் வைத்து ‘இது அதை விட மட்டம்’ என்று தீர்ப்புச் சொல்வது, கட்டி என்ற பழைய எடையில் நிறுத்ததையும் கிலோவில் நிறுத்ததையும் ஒப்பிடுகிற மாதிரி.

மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தத் தரத்தின்படி மைக் துப்பாக்கி முனையிலிருந்து இடப்பக்கம் ஒரு மீட்டர், குழாய்க்குச் செங்குத்தாக, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில். இந்த 1.6 சும்மா வந்ததில்லை. சத்தம் நேராக மைக்குக்கு வர ஒரு மீட்டர். தரையில் பட்டுத் திரும்பி வர சுமார் 3.35 மீட்டர். அந்தக் கூடுதல் தூரத்தைக் கடக்க எதிரொலிக்கு ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் முதல் துடிப்பு முடிந்துபோயிருக்கும், எதிரொலி அதன்மேல் ஏறி எண்ணைக் கெடுக்காது. பக்கத்தில் சுவர், காரின் கதவு, தகரக் கூரை இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். யூடியூப்பில் கூரைக்கு அடியில் சுடும் வீடியோவைப் பார்த்தால் எண்ணைப் பார்க்காமலேயே அடுத்ததற்குப் போய்விடுவேன். சைலன்சர் மாட்டினால் குழாய் நீளும், மைக்கையும் அதன் நுனிக்கு நேராக முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தாதவர்களும் உண்டு.

ஆனால் அந்த இடத்தில் யாருடைய காதும் இல்லை, கவனித்தீர்களா? சுடுகிறவரின் காது முனைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் அக்கறையுள்ளவர்கள் காதிலிருந்து 15 சென்டிமீட்டரில் இன்னொரு மைக் வைப்பார்கள். முனையில் வந்த எண்ணும் காதருகே வந்த எண்ணும் ஒன்றாக இருக்காது. தானாகக் குண்டு ஏற்றும் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா வெளியே விழும் வாய் வலது கன்னத்துக்குப் பக்கத்தில் திறக்கிறது. சைலன்சர் அடைத்து வைத்த வாயுவில் ஒரு பங்கு அந்த வழியாகப் பின்னால் வந்து காதில் அறையும். முனையில் 132 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், வலது காதருகே அதைவிடக் கூட வரலாம். மாமா வைத்திருப்பது இரண்டாக மடியும் ‘செனாப்பாங் பாத்தா’ என்றால் அதில் அந்த வாய் கிடையாது.

அடுத்தது முதல் குண்டு. சைலன்சருக்குள் முதலில் இருப்பது சாதாரணக் காற்று, அதில் ஆக்சிஜன் இருக்கிறது. முதல் குண்டோடு பாயும் எரிவாயு உள்ளேயே இன்னொரு தடவை பற்றிக்கொள்ளும், சத்தம் பல டெசிபல் கூடும். அடுத்த குண்டுகளுக்கு உள்ளே எரிந்த புகைதான், ஆக்சிஜன் இல்லை. இப்போது ஒரு கணக்கு, என் கற்பனை எண்கள்தான்: ஐந்து குண்டு, 138, 131, 131, 130, 131. ஐந்துக்கும் சராசரி 132.2. முதலாவதை ‘விதிவிலக்கு’ என்று கழித்துவிட்டால் 130.75. விளம்பரத்தில் எது போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பன்றி சுடுகிறவன் கதை என்ன? இரவில் ஒரே ஒரு குண்டு, மிஞ்சினால் இரண்டு. அவன் காது கேட்பது அந்த 138ஐத்தான். சராசரி அவனுக்கு எதற்கு? இதே ரகத்தில் சில தந்திரங்கள் இருக்கின்றன. குறைந்த எண்ணைக் காட்ட உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அளப்பார்கள், வாயு குளிர்ந்து சில டெசிபல் இறங்கும். கழித்த எண்ணைப் பெரிதாகக் காட்ட, சைலன்சர் இல்லாமல் அளக்கும்போது குட்டைக் குழாய்த் துப்பாக்கியை எடுப்பார்கள், ஆரம்பமே உரத்திருந்தால் குறைப்பு பெரிதாகத் தெரியும். எந்தத் துப்பாக்கி, எத்தனை அங்குலக் குழாய், என்ன தோட்டா, எத்தனை குண்டு, முதல் குண்டு சேர்த்தியா, எந்த மீட்டர், எங்கே மைக் என்று சொல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சைலன்சரால் தொடவே முடியாத சத்தம் ஒன்றும் உண்டு. குண்டு ஒலியை விட வேகமாகப் போனால் போகும் வழியெல்லாம் சவுக்கு வீசிய மாதிரி ‘சடார்’ என்று கேட்கும். நம் ஊர் 32 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 350 மீட்டர் ஒரு செகண்டுக்கு. 5.56 ரைபிள் குண்டு 900க்கு மேல். மாமாவின் 12 போர் துப்பாக்கிக்கான தோட்டாக்களில் பல 365 முதல் 400 வரை, அவையும் ஒலியின் வேகத்தைத் தாண்டியவைதான். அந்தச் சடாரை நிறுத்த வேண்டுமென்றால் மெதுவான தோட்டா வேண்டும். .22 ரைபிளில் மெதுவான தோட்டாவும் சைலன்சரும் சேரும்போதுதான் படத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். அதிலும் உச்சம் 115, 120 என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இயர்மஃபின் 25. இது வேறு பள்ளிக்கூடத்தில் படித்து வந்த எண். சைலன்சர் எண் மைக்கில் பிறந்தது, இயர்மஃப் எண் மனிதக் காதில் பிறந்தது. அமெரிக்கப் பெட்டிகளில் இருக்கும் என்ஆர்ஆர் (சத்தக் குறைப்பு மதிப்பீடு) எண்ணுக்கு 1974ஆம் ஆண்டு முறைப்படி பத்துப் பேரை அமைதியான அறையில் உட்கார வைத்து, மெல்லிய சத்தத்தை எப்போது கேட்கத் தொடங்குகிறார்கள் என்று மஃப் இல்லாமலும் மஃபோடும் பார்ப்பார்கள். ஆளுக்கு மூன்று முறை. வந்த வித்தியாசத்தின் சராசரியிலிருந்து இரண்டு மடங்கு திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கழித்து, பல சுருதிகளுக்கும் சேர்த்து ஒரே எண்ணாக்குவார்கள். ஐரோப்பியப் பெட்டியில் எஸ்என்ஆர் என்று இருக்கும். அதில் கழிப்பது ஒரு மடங்குதான், அதனால் ஒரே மஃபுக்கு அந்த எண் கொஞ்சம் பெரிதாக வரும். ஆய்வுக்கூடத்தில் மஃபைச் சரியாக மாட்டிவிட ஆள் உண்டு, தோட்டத்தில் இல்லை. அதனால் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் மஃபுக்கு அச்சடித்த எண்ணில் கால் பங்கையும், காதுக்குள் செருகும் பஞ்சு போன்ற அடைப்பானுக்குப் பாதியையும் தள்ளிவிடச் சொல்கிறது. 25 என்றால் கையில் நிற்பது சுமார் 19. ஆலையில் நான் பார்த்ததும் இதை ஒட்டித்தான். மூக்குக்கண்ணாடியின் கம்பி மஃபுக்கு அடியில் போனால் ஓட்டை, வியர்வையில் வழுக்கினால் ஓட்டை, நீள்முடிக்கு மேல் மாட்டினால் ஓட்டை. தட்டி வழியாகக் கொசு வருவதுபோலச் சத்தமும் ஓட்டை பார்த்து வந்துவிடும்.

அந்தச் சோதனையில் மெல்லிய, தொடர்ந்து ஒலிக்கும் சத்தம்தான், வெடி இல்லை. அமெரிக்கப் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்த எண் தொடர் சத்தத்தை வைத்துக் கணக்கிட்டது, துப்பாக்கி வெடி போன்ற திடீர்ச் சத்தத்துக்குச் சரியாகக் காட்டாமல் போகலாம் என்று அவர்களே அச்சடித்திருப்பார்கள். வெடிச் சத்தத்துக்கென்று 2010இல் வந்த அமெரிக்கத் தரத்தில் செயற்கைத் தலை ஒன்றில் மஃபை மாட்டி, ஏறத்தாழ 130, 150, 170 டெசிபல் என மூன்று படிகளில் அதிர்வைச் செலுத்தி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளக்கிறார்கள். துப்பாக்கிக்கு மஃப் வாங்கும்போது அந்த எண் கிடைத்தால் அதைப் பாருங்கள், அபூர்வமாகத்தான் அச்சடிக்கிறார்கள். என்னதான் மாட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் சத்தம் மண்டை எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். 25ம் 30ம் உள்ள இரண்டைச் சேர்த்து மாட்டினால் 55 வராது. பெரியதோடு ஒரு 5ஐக் கூட்டிக்கொள்வதுதான் நடைமுறைக் கணக்கு.

ஆகவே 34 பெரிதா 25 பெரிதா என்ற ஒப்பீடே நிற்காது. ஒன்று முனையில் ஓர் உச்சம், மற்றது காதுக்குள் ஒரு சராசரி. இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை: மாமாவின் 12 போர் மஃப் இல்லாத காதருகே 150க்குக் கீழே வருவது அரிது. நம் 2019ஆம் ஆண்டுச் சத்த ஒழுங்குமுறை உச்சத்துக்கு வைத்த கோடு 140. அது ஆலைத் தொழிலாளிக்காக எழுதியது, வேட்டைக்கு இல்லை, ஆனால் காது ஒன்றுதானே. .22 மாதிரிச் சிறிய ரைபிளை விட்டால், சைலன்சர் இல்லாத சாதாரண வேட்டைத் துப்பாக்கி மஃப் இல்லாமல் அந்தக் கோட்டுக்கு உள்ளே வருவது அரிது. நிபுணர்களிடையே இன்னும் தீராதது வேறு: காதைக் கெடுப்பது உச்சமா, அது நீடித்த நேரமா, மொத்த ஆற்றலா? முன்னே சொன்ன ராணுவத் தரம் 1474இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பே இதற்கு ஒரே கணக்கைச் சொல்லவில்லை, இரண்டு வழிகளை வைத்திருக்கிறது, அதில் ஒன்றை எதிர்த்து எழுதுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதனால் ‘140க்குக் கீழே, காதுக்குப் பாதுகாப்பானது’ என்று ஒரு சைலன்சர் பெட்டியில் பார்த்தால், ‘எத்தனை குண்டுக்கு?’ என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே. டார்ச் பிடிக்கிற பையன் பெரும்பாலும் சுடுகிறவருக்குப் பக்கத்தில், அரை அடி முன்னால் போய் நின்றுவிடுவான். வெடியின் அழுத்தம் முன்னாலும் பக்கத்திலும் அதிகம், பின்னால் குறைவு. முனையை ஒட்டிப் பக்கத்தில் நிற்பவனுக்கு மாமாவை விட அதிகம் போய்ச் சேரும். மஃப் ஒன்றுதான் இருக்கிறது, அதை மாமா மாட்டிக்கொள்கிறார் என்றால் இன்றைக்கே உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள், அதற்குள்ளே பஞ்சு அடைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள், மாமாவின் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். சுட்ட பிறகு காதில் ‘ஙொய்’ என்று எத்தனை நேரம் நிற்கிறது, இரண்டு காதிலுமா ஒன்றிலா என்று எழுதுங்கள். மறுநாள் காலையும் நின்றால் இங்கே எழுத வேண்டாம், நேராக ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் போங்கள். மஃப் பெட்டியின் பின்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள், அந்த 25 என்ஆர்ஆரா எஸ்என்ஆரா என்று பார்த்துச் சொல்கிறேன்.